அறுபத்து நாலாம் பிரதி

சங்ககிரியில் என் நண்பர் சென்னிமலையின் லாரி ஆபீசில் ஒரு பச்சை பீரோ உண்டு. மேல் தட்டுகளில் ஆர்.சி. புத்தகங்கள், பர்மிட், இன்சூரன்ஸ் காகிதங்கள். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த அகலமான இழுப்பறையில், போன வருஷம் வரை, பதினோரு கல்லச்சுப் படங்கள் இருந்தன. மூன்று லாரி வைத்து ஓட்டும் ஒருவர் இப்படிப்பட்ட படங்களைச் சேர்த்தார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் பதினெட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன். சேலம் கடைவீதிப் பக்கம் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் பஷீர் அகமது. அவருக்கு நான் வெறும் பாய்.

அவர் முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது கையில் தினத்தாளில் சுற்றிய ஒரு தாள் இருந்தது. அப்போது அவருக்கு ஒரே ஒரு லாரி, அதையும் அவரே ஓட்டினார். ஏற்காட்டில் வெகுகாலம் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் தேசத்துக்கே திரும்பிப் போனார். அவருடைய வீட்டுச் சாமான்களை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சென்னைத் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் சென்னிமலை. வழியெல்லாம் மழை. இறக்கிப் பார்த்தபோது ஒரு பீங்கான் கோப்பைகூட விரிசல் விடவில்லையாம். அந்த அம்மாள் ஓர் அட்டை உறையிலிருந்து இந்தத் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"இது தோட்டக்காரருக்குன்னு வெச்சிருந்துச்சாமுங்க பாய். அவரு போன மாசம் செத்துப்போயிட்டாராமா. நீ வெச்சுக்கன்னு குடுத்துட்டாங்க" என்றார் சென்னிமலை.

தாளை விரித்தேன். ஒரு மனிதன் நடந்து போகிறான். அவன் நெஞ்சில் ஜன்னல்போல ஒரு சதுரத் துளை. துளைக்குள் முத்திரை வைத்த ஒரு கடிதம். அவன் பாதங்கள் இரண்டும் மரத்தின் வேர்களாக இருக்கின்றன, ஆனாலும் நடக்கிறான். தூக்கத்தில் கண்டதை விழித்ததும் வரைந்து வைத்ததுபோல இருந்தது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காலண்டர் படமோ சாமி படமோ எது வந்தாலும், சுற்றியிருக்கும் வெள்ளை விளிம்பை வெட்டி எடுத்துவிடுவோம். அதில் அச்சகத்தின் பெயரும் ஜவுளிக்கடை விலாசமும் இருக்கும். பிரேமுக்குள் அது அசிங்கம். இந்தத் தாளின் கீழ் விளிம்பில் இடது பக்கம் பென்சிலில் 64/150 என்று இருந்தது. வலது பக்கம் ஒரு கிறுக்கல். ஏதோ கடைக்காரன் போட்ட விலை என்று நினைத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கத்தியை எடுத்துவிட்டேன். அன்றைக்குத் தன் படத்தை வாங்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு டிராயிங் மாஸ்டர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அவர் சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. இதற்குக் கல்லச்சு என்று பெயர். வழவழப்பான ஒரு கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் ஓவியர் தன் கையாலேயே வரைகிறார். அந்தக் கல்லில் மையிட்டுத் தாளில் ஒற்றி எடுக்கிறார்கள். நூற்றைம்பது என்றால் நூற்றைம்பதுதான். பிறகு கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். ஒவ்வொரு தாளிலும் அது எத்தனையாவது என்று ஓவியரே பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பென்சில் எழுத்துப் போனால் படத்தின் உயிர் போன மாதிரி.

"இந்த மாதிரி கனவு மாதிரி வரையறதுக்கு சர்ரியலிசம்னு பேர். இது அந்த தேசத்துல நானூறு வருஷமா எல்லாரும் படிக்கிற ஒரு பாட்டுக் கதைக்கு வரைஞ்சது. படத்துக்குள்ளயே அடியில பொடியா அச்சாயிருக்கு பாருங்க. மொத்தம் பன்னெண்டு படம். இது ரெண்டாவது" என்றார் மாஸ்டர்.

"மத்த பதினொண்ணு?" என்று சென்னிமலை கேட்டார்.

"அது அந்த அம்மாவைத்தான் கேக்கணும்."

சென்னிமலை அந்த அம்மாளைக் கேட்கவில்லை. அவர் அதற்குள் தன் தேசத்துக்குப் போய்விட்டிருந்தார். ஏற்காட்டுக்குப் போய்ப் பங்களாவில் விசாரித்தார். புறப்படுவதற்கு முன்னால், தன்னிடம் வேலை பார்த்தவர்கள், பழகியவர்கள் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. எல்லாத் தாளிலும் அறுபத்து நாலாம் நம்பர். ஒரே செட்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் ஏன் ஆரம்பித்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு லோடில் பன்னிரண்டு பெட்டி ஏற்றினால் பன்னிரண்டும் ஓரிடத்தில் இறங்க வேண்டும் என்பது லாரிக்காரருக்கு ஊறிப்போன கணக்கு. அதுவாக இருக்கலாம்.

அவர் யாரிடமும் காசு கொடுத்து வாங்கவில்லை. கொடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்த அம்மாளின் சமையல்காரர் ஏற்காட்டைக் காலி செய்துகொண்டு ஆட்டையாம்பட்டியில் மகன் வீட்டுக்கு வந்தபோது, சாமானெல்லாம் சென்னிமலையின் லாரியில் வாடகை இல்லாமல் வந்தது. அரிசி டிரம்முக்கு மூடியாகக் கிடந்த தாள் அவர் கைக்கு வந்தது. அம்மாளின் கார் டிரைவருடைய மனைவி வீடு கட்டினார். செங்கல் நாலு நடை இவர் லாரியில் போனது. இப்படி லோடு ஏற்றி இறக்கியே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். வீட்டுக்காரர்கள் படத்தின்மேல் ஆசையாக இருந்தால் வற்புறுத்த மாட்டார். "புடிச்சிருந்தா வெச்சுக்குங்க சாமி, நான் அடுத்த வருசம் வாரேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அடுத்த வருஷம் போய் நிற்பார்.

ஏற்காட்டில் ஒரு டீக்கடையில் மட்டும் பத்து வருஷம் ஆனது. அங்கே ஒரு மனிதன் குதிரைமேல் போகும் படம். குதிரையின் முதுகில் சேணத்துக்குப் பதில் ஒரு மாடிப்படி; படியின் உச்சியில் அவன் உட்கார்ந்திருப்பான். கடைக்காரர் அதைச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டித் தினமும் பூப் போட்டுக் கும்பிட்டு வந்திருக்கிறார்.

"அது சாமி இல்லீங்களே" என்றாராம் சென்னிமலை.

"குதிரைல வர்றாரு, எங்க கருப்பு மாதிரி. பத்து வருசமா யாவாரம் நல்லாத்தான் ஓடுது. உனக்கெதுக்கு அந்த வம்பு?" என்றாராம் கடைக்காரர்.

கடைசியில் என் கடையில் இரண்டரையடிக்குக் கருப்பசாமி படம் ஒன்று தங்கப் பிரேம் போட்டுக் கொண்டுபோய் மாட்டினார். அந்த இடம் நிறைந்த பிறகுதான் குதிரை இறங்கி வந்தது.

பதினோரு தாள் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. பாட்டுக் கதை என்ன என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. படங்களை வரிசைப்படி அடுக்கிப் பார்த்து அவரே ஒரு கதை வைத்திருந்தார். ஐந்தாவது மட்டும் இல்லை. ஒரு ராஜா ஒருவனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறார். அவன் போகிறான். ஒரு காதுக்குள் ஓர் ஊரே இருக்கிறது; அதைக் கடக்கிறான். கிணற்றிலிருந்து மழை மேல்நோக்கிப் பெய்கிறது. கடிதம் நனையாமல் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு போகிறான். கடைசிப் படத்தில் தாடி நரைத்து, ஒரு கதவுமுன் நிற்கிறான். கதவுக்குச் சுவர் இல்லை.

"இவன் நம்மாளுங்க பாய். லோடுல என்ன இருக்குதுன்னு பிரிச்சே பாக்காத டிரைவரு" என்பார்.

ஐந்தாவது படம் அந்த அம்மாளைக் கடைசி நாலு வருஷம் கவனித்துக்கொண்ட நர்ஸ் வசந்தாமணியிடம் போயிருந்தது. அவர் மகனோடு ஓசூரில் இருந்ததால் வெகுநாள் விலாசம் கிடைக்கவில்லை. ரிட்டயர் ஆகி அயோத்தியாப்பட்டணத்தில் சொந்த வீட்டுக்கே வந்துவிட்டார் என்று போன வருஷம் தெரிந்தது. சென்னிமலை போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அவ்வளவு பரபரப்பு.

"நர்ஸம்மா குடுக்கறேன்னு சொல்லலீங்க. குடுக்க மாட்டேன்னும் சொல்லல. பதினொண்ணையும் எடுத்துட்டு வாங்க, நான் பாக்கோணும்னாங்க. அந்தம்மா குடுத்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே, கறை கிழிசல் இல்லாம வெச்சிருந்தா, அஞ்சாவதயும் குடுத்தர்றேன்னாங்க. ஆயுத பூசை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம."

"உங்க தாள்ல கறை ஏதுண்ணே. பூ மாதிரி வெச்சிருக்கீங்க."

"அதான. பூசைக்கு மக்யா நாளு நீங்க ஆபீசுக்கு வந்து அளவெடுத்துக்குங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பிரேமு போட்டுக் கொண்டுபோலாம்."

சென்னிமலையின் மனைவி சௌந்திரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். படங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொன்னதில்லை. விளங்குகிறது என்றும் சொன்னதில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஆபீசுக்கு வருவார். ஆயுத பூஜையன்று லாரிகளைக் கழுவி வாழைமரம் கட்டியதும், ஒரு தட்டில் சந்தனம், குங்குமத்தோடு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். ஸ்டியரிங், ஜாக்கி, ஸ்பேனர், கால்குலேட்டர், கம்ப்யூட்டர், டீ பிளாஸ்க் ஒன்றையும் விடமாட்டார். பீரோவின் கதவுக்கும் வைப்பார்.

பூஜைக்கு மறுநாள் காலை டேப்பும் அட்டை மாதிரிகளும் எடுத்துக்கொண்டு நான் போனேன். ஆபீசில் பொரி வாசனை இருந்தது. சென்னிமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பதினோரு தாள்களும் விரிந்து கிடந்தன. சௌந்திரம் சுவரோரம் நின்றார்.

ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் வெள்ளை விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். நாற்பத்து நாலு பொட்டுகள், அளவெடுத்த மாதிரி.

சென்னிமலை குரல் உயர்த்தாமல் கேட்டார்.

"எதுக்குப் புள்ள இழுப்பறையத் தொறந்த?"

"எல்லா வருசமும் பீரோவுக்கு வெளியதானுங்க வெச்சேன். இந்த வருசம் அந்தப் பாக்கி ஒண்ணு வரோணும்ல. அதனால உள்ளயும் வெச்சு, நல்லபடியா வந்து சேரோணும்னு கும்புட்டேனுங்க. நடுவால வெச்சா படம் கெட்டுப்போயிருமுன்னு, ஓரமா வெள்ளையாக் கெடந்த எடமாப் பாத்துத்தான் வெச்சேன்" என்றார் சௌந்திரம்.

வேண்டிக்கொண்டு வைத்த பொட்டு அது. எனக்கு வேறு மார்க்கம். ஆனால் ஒருவர் இறைவனிடம் கேட்டதை அழிக்கக் கை எளிதில் வராது. இருந்தாலும் மென்மையான பிரஷ்ஷால் ஒரு பொட்டைத் தட்டிப் பார்த்தேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. குங்குமம் தாளுக்குள் இறங்கியிருந்தது. ரோஜா நிறத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி மஞ்சள் வளையம். தண்ணீர் தொட்டால் தாள் சுருங்கும். ரப்பர் போட்டால் பக்கத்திலேயே பென்சில் எழுத்து.

"வெட்டிரலாங்களா?" என்று சென்னிமலை கேட்டார்.

"வெட்டுனா நம்பரும் போயிரும்ணே."

"அப்ப?"

எனக்கு ஒரு வழி தெரியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைப்போம். அதை அகலமாக வைத்தால் விளிம்பு முழுக்க மறைந்துவிடும். கீழே நம்பருக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று என்று விரல் அகலத்தில் இரண்டு துளை அறுத்தால் அவை மட்டும் வெளியே தெரியும். பொட்டு ஒன்றுகூடத் தெரியாது. சொன்னேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

சென்னிமலை வெளியே நின்ற லாரியைப் பார்த்தார். "அப்பிடியே செஞ்சுருங்க" என்றார்.

"செய்யறேண்ணே. ஆனா நர்ஸம்மா எங்கிட்ட நேரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்கலைன்னா நானா வாயத் தொறக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அது போதுமுங்க."

நாலு நாளில் பதினொன்றையும் முடித்தேன். வெள்ளை அட்டை, மெல்லிய கறுப்பு மரப் பிரேம். இருபத்திரண்டு துளைகளும் சுத்தமாக வந்திருந்தன. என் கையால் செய்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை மினி லாரியில் போர்வை விரித்து, பிரேம்களை ஒன்றுக்கொன்று இடிக்காமல் அடுக்கிக் கட்டினோம். முன்னால் சென்னிமலையும் சௌந்திரமும். நான் பின்னால் பிரேம்களோடு உட்கார்ந்துகொண்டேன். சௌந்திரம் வெற்றிலை, பழம், பூ எல்லாம் ஒரு தட்டில் வைத்து மடியில் பிடித்திருந்தார்.

"பொண்ணு கேக்கப் போற மாதிரி இருக்கு" என்று வண்டி நின்ற ஓரிடத்தில் சொன்னேன்.

"பொண்ணு கேக்கறதுன்னா தைரியமாப் போலாமுங்களே" என்றார் சென்னிமலை.

வசந்தாமணி அம்மாள் ஒல்லியான உடம்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் குழாயைக் காட்டி எங்கள் மூவரையும் கை கழுவச் சொன்னார். சோப்பும் துண்டும் தயாராக இருந்தன. பிரேம்களை வரிசையாகச் சுவரில் சாய்த்தோம். நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இடம் விட்டு வைத்தார் சென்னிமலை.

வசந்தாமணி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"அறுபத்து நாலு. அறுபத்து நாலு." அடுத்ததற்கு நகர்ந்தார். "அறுபத்து நாலு."

பதினொன்றும் முடிந்தது. நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"டீக்கடைல இருந்தது கூடவா வந்துடுச்சு? அவர் லேசுல குடுக்கற ஆள் இல்லயே."

"கருப்பசாமிய வெச்சுத்தானுங்க எறக்குனேன்" என்றார் சென்னிமலை. அந்த அம்மாள் சிரித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் அட்டை இவ்வளவு அகலமா வெச்சிருக்கு? தாளோட ஓரமே தெரியலயே."

நான் சென்னிமலையைப் பார்த்தேன். சென்னிமலை தரையைப் பார்த்தார். கேள்வி யாரைக் கேட்டது என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டதுதான் என்று முடிவு செய்து வாயைத் திறப்பதற்குள் சௌந்திரம் பேசிவிட்டார்.

"நாந்தானுங்க அக்கா. பூசையன்னைக்குப் பொட்டு வெச்சுட்டேன். இவரு மேல தப்பு இல்லீங்க. இந்த பாய் மேலயும் இல்ல."

"சௌந்திரம்" என்றார் சென்னிமலை.

"எத்தன நாளைக்குங்க அட்டைய வெச்சு மூடறது? தூக்கம் வரமாட்டேங்குது எனக்கு."

அந்த அம்மாள் ஒரு பிரேமைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பொட்டு வைத்த மூலையை விரலால் தொடாமல், விரலைச் சற்று மேலே நிறுத்தி வைத்துக்கொண்டே பார்த்தார். மீதிப் பத்தையும் திறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உள்ளே போய் ஒரு பெரிய எக்ஸ்ரே உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் மெல்லிய தாள். அதற்குள் ஐந்தாவது படம்.

பதினெட்டு வருஷம் ஆகியும் நேற்று அச்சிட்டதுபோல வெள்ளையாக இருந்தது. அந்த மனிதன் பாதையோரம் உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சிலிருந்த கடிதத்தை வெளியே எடுத்துப் பிரித்து மடியில் விரித்திருக்கிறான். கடிதத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. அதே பாதை, அதே மரம், அதன் ஓரம் கடுகளவில் அவனே உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"பிரிச்சுப் பாத்துட்டானே" என்றார் சென்னிமலை.

"பாத்துட்டான். பாத்துட்டுத்தான் மீதி ஏழு படமும் நடக்கறான். அந்தம்மா எனக்கு இதை ராத்திரில வாசிச்சுக் காட்டுவாங்க, தூக்கம் வராதப்போ. அவங்க பாஷைல படிச்சுட்டுத் தமிழ்ல சொல்லுவாங்க. இது மத்தியில வர்ற எடம்."

சென்னிமலை நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இதைத் தர முடியாதுங்க" என்றார் வசந்தாமணி அம்மாள். "கோவம் இல்ல. பொட்டு வெச்சது பாவம்னும் சொல்லல, அவங்க மனசு எனக்குத் தெரியுது. ஆனா அந்தம்மா கெளம்பறப்போ என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. 'வசந்தா, மத்தவங்க என்ன பண்ணுவாங்களோ தெரியாது. நீ கை கழுவாம ஒண்ணையும் தொடமாட்டே. இந்த ஒண்ணாவது இப்படியே இருக்கட்டும்.' சரின்னு சொல்லிட்டேன். அவங்க இப்ப இல்ல. இனி போய்க் கேக்கவும் முடியாது."

எங்கள் பேச்சில் அதற்கு அமானிதம் என்று பெயர். நம்பி ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவர் மறைந்துவிட்டால் அதன் பாரம் கூடுமே தவிரக் குறையாது.

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழத்தட்டு டீப்பாய் மேல் அப்படியே இருந்தது. கிளம்ப வேண்டியதுதான் என்று நான் திறந்த பிரேமை மூட ஆணியைத் தேடினேன்.

"பாய், அதை மூடாதீங்க" என்றார் சென்னிமலை. பிறகு அந்த அம்மாளிடம், "ஏனுங்க நர்ஸம்மா, இந்தப் பதினொண்ணையும் நீங்களே வெச்சுக்கறீங்களா?" என்றார்.

"எதை?"

"இதையெல்லாம். உங்குளுதோட சேத்து."

"மாமா, என்ன பேசறீங்க? பதினெட்டு வருசமுங்க" என்றார் சௌந்திரம்.

"ஆமா புள்ள. பன்னெண்டும் ஒண்ணாச் சேரோணும்னு பதினெட்டு வருசம் சுத்துனேன். நம்ம ஊட்டுலதான் இருக்கோணும்னு ஆருகிட்டயும் நான் சொல்லலையே."

"சொல்லலீங்க. ஆனா நெனச்சீங்க."

"நெனச்சேன்" என்று ஒப்புக்கொண்டார்.

வசந்தாமணி அம்மாள் உடனே சரி என்று சொல்லவில்லை. தன் வயது, வீட்டில் இடம், மகன் என்ன சொல்வான் என்று பலதும் சொன்னார். பொட்டு வைத்த தாளோடு தன் தாளை வைத்தால் அதற்கும் கறை ஏறுமா என்று என்னிடம் கேட்டார். நடுவில் நல்ல தாள் வைத்து, தனித்தனி உறையில் போட்டால் ஏறாது என்றேன். மீண்டும் ஒரு முறை கேட்டார். மீண்டும் அதையே சொன்னேன்.

"கண்ணாடி பிரேம் எல்லாம் வேணாம். வெளிச்சம் படும்" என்றார் கடைசியில். அதுதான் அவர் சொன்ன சம்மதம்.

பதினோரு பிரேமையும் நான் அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்து பிரித்தேன். நடுவில் அசர் தொழுகைக்கு நேரமானது. ஓர் அறையைக் காட்டினார், தொழுதுவிட்டு வந்து மீதியைப் பிரித்தேன். அந்த அம்மாளிடம் எக்ஸ்ரே உறைகள் நிறைய இருந்தன. சௌந்திரம் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுக்க, அவர் வாங்கி உறைக்குள் போட்டார். எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் சௌந்திரம் இன்னொரு தடவை கை கழுவிக்கொண்டு வந்தார், யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் உறைக்குள் போடுவதற்கு முன் ஒரே ஒரு முறை, பன்னிரண்டையும் தரையில் சுத்தமான வேட்டி விரித்து வரிசையாக வைத்தோம். சென்னிமலை முதலிலிருந்து கடைசி வரைக்கும் நடந்தார். ஐந்தாவதில் நின்றார். ஆறாவதை வேறு மாதிரிப் பார்த்தார். கடைசிப் படத்தில், சுவரில்லாத கதவின்முன் நிற்கும் கிழவனைப் பார்த்து, "உனக்கு எல்லாம் தெரிஞ்சுருக்குது" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

திரும்பும்போது வண்டியில் பதினோரு வெற்றுப் பிரேம்கள். என்னைக் கடையில் இறக்கிவிட்டபோது பிரேம்களை நானே வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார் சென்னிமலை. மாரியம்மன் படமும் மக்கா படமும் போட்டு அவற்றில் ஏழெட்டு இப்போது ஊருக்குள் பல வீடுகளில் தொங்குகின்றன.

இப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை இருக்கிறது. லாரிகளை டிரைவர்கள் ஓட்டுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஆத்தூர் ரோட்டில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அயோத்தியாப்பட்டணம் போய்வருகிறார். சில சமயம் சௌந்திரமும் கூடப் போகிறார். வசந்தாமணி அம்மாள் காபி கொடுத்து, குடித்த பிறகு கை கழுவச் சொல்லி, உறைகளை எடுத்து வைப்பாராம். ஒரு நாளைக்கு ஒரு படத்தின் பாட்டுத்தான் சொல்வாராம். மூன்றாவது வரை வந்திருக்கிறதாம்.

சங்ககிரி ஆபீசில் அந்த இழுப்பறையில் இப்போது டயர் பில்கள் இருக்கின்றன. முன்பு படங்களைப் பார்த்த டிரைவர் ஒருவர் போன வாரம் நான் அங்கே இருந்தபோது கேட்டார், "ஏனுங்கண்ணா, இங்க அந்தக் கோமாளிப் படமெல்லாம் இருந்துச்சே, எங்கீங்க?"

சென்னிமலை எழுதிக்கொண்டிருந்த பில்லிலிருந்து பேனாவை எடுக்காமலே பதில் சொன்னார்.

"அயோத்தியாப்பட்டணத்துல எறக்கியாச்சு."